சுரைக்குடுக்கையும் நூறு வாட்ஸும்

மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு பார்க்கப் போகிறவர்கள் முதலில் யானையைப் பார்ப்பார்கள். அப்புறம் தவம் செய்கிற பூனையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாலு போட்டோ. உடனே சுண்டல் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்!

அடுத்த தடவை போகும்போது கொஞ்சம் நின்று, ஆகாயத்தில் மிதந்து வருகிற அந்தத் தேவர் கூட்டத்தைப் பாருங்கள். பாதி மனித உடல், பாதிப் பறவை உடல் என்று கின்னரர்கள் இருப்பார்கள். அவர்கள் கையில் வாத்தியம். அதில் தந்தி வாத்தியமும் உண்டு. இன்றைய தஞ்சாவூர் வீணை போலப் பெரிய குடமோ, யாளி முகமோ அதற்குக் கிடையாது. அந்தக் காலத்து வீணைகளில் ஒரு வகை ரொம்ப எளிமையானது. ஒரு கழி, அதன்மேல் தந்தி, பின்பக்கம் பாதியாக வெட்டிக் கட்டிய ஒரு சுரைக்குடுக்கை. அவ்வளவுதான்.

அந்தக் குடுக்கையில்தான் விஷயமே இருக்கிறது. மெல்லிய தந்தி எவ்வளவு துடித்தாலும் அதனால் அதிகக் காற்றை அசைக்க முடியாது. காற்று அசைந்தால்தான் நம் காதுக்குச் சத்தம். தந்தியின் அதிர்வைக் கழி வாங்கிக் குடுக்கைக்குக் கொடுக்கும். குடுக்கையின் வாயை மார்போடு அழுத்தினால் நாதம் அடங்கும். சற்றே விலக்கினால் விரியும். ஆக, வால்யூம் கன்ட்ரோலோடு கூடிய ஆம்ப்ளிஃபயர் நம் ஊரில் அப்போதே இருந்திருக்கிறது. கரன்ட் பில்லும் கிடையாது!

இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா? உங்கள் வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ கிடார் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கலாம். கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், செங்கல்பட்டு என்று எங்கே பார்த்தாலும் அடுக்குமாடிகள். வாரக் கடைசியில் முதுகில் கறுப்பு உறையோடு நடக்கிற பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கோரிக்கை வந்தே தீரும். "அப்பா, எலெக்ட்ரிக் கிடாருக்கு ஆம்ப் வேணும். நூறு வாட்ஸ் இருந்தா சூப்பரா இருக்கும்ப்பா!"

பத்தா, இருபதா, நாற்பதா, நூறா? கடைக்காரரைக் கேட்டால் பெரியதைக் காட்டுவார். பிள்ளையைக் கேட்டால் அதைவிடப் பெரியதைக் காட்டும். சரித்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். அது சின்னதைத்தான் காட்டுகிறது.

முதலில் இந்தப் பெட்டி ஏன் பிறந்தது என்று பார்த்துவிடலாம். 1920-களில் அமெரிக்க நடன அரங்குகளில் ட்ரம்பெட், சாக்ஸபோன் என்று ஊதுகுழல் கோஷ்டிகளின் ராஜ்ஜியம். நடுவில் கிடார்க்காரர் உட்கார்ந்து விரல் தேய வாசிப்பார். ஒருவருக்கும் கேட்காது. முதலில் கிடாரின் வயிற்றுக்குள் அலுமினியக் கூம்பு வைத்துப் பார்த்தார்கள். அதாவது நம் சுரைக்குடுக்கை வித்தையேதான், உலோகத்தில். அதுவும் போதவில்லை.

1931-ல் ஜார்ஜ் பீச்சம் என்கிற கிடார் கலைஞர் தந்தியை ஒட்டிக் காந்தத்தையும் செம்புக்கம்பிச் சுருளையும் வைத்தார். இரும்புத் தந்தி காந்தப்புலத்தில் துடித்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பு! அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்பவரோடு சேர்ந்து அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த அலுமினிய கிடாருக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'வாணலி'. பார்க்க அப்படித்தான் இருக்கும்.

1936-ல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த மாடலின் பெயர் இ.எஸ்.-150. கிடார், ஆம்ப்ளிஃபயர், ஒயர் எல்லாம் சேர்த்துச் சுமார் 150 டாலர். விலையே பெயராகிவிட்டது! அதை எடுத்துக்கொண்டு 1939-ல் பென்னி குட்மன் கோஷ்டியில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர், ஊதுகுழல்காரர்களுக்குச் சமமாகத் தனி ஆவர்த்தனம் வாசித்துக் காட்டினார். 1942-ல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 25.

அடுத்து வருகிறவர் எனக்குப் பிடித்தமான ஆசாமி. லியோ ஃபெண்டர். பி.காம். படித்த எனக்கு அவர்மேல் தனிப் பாசம் உண்டு, ஏனென்றால் அவர் படித்ததும் கணக்கியல்தான்! பொருளாதார மந்தத்தில் கணக்கெழுதும் வேலை போய்விட, 600 டாலர் கடன் வாங்கி 1938-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அவருக்குக் கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால், யாருக்கு எது தேவை என்று தெரியும். கற்றுக்கொள்கிற மாணவர்களுக்கென்று 1948-ல் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். எட்டு அங்குல ஸ்பீக்கர், சக்தி சுமார் நாலு வாட்ஸ். அந்த வம்சத்தில் பின்னால் வந்ததுதான் 'சாம்ப்'.

நாலைந்து வாட்ஸ் என்றால் பொம்மை என்று நினைக்கிறீர்களா? 1970-ல் எரிக் கிளாப்டன் 'லைலா' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அந்த மாபெரும் கலைஞருக்கு முன்னால் ஸ்டூடியோவில் இருந்தது இந்தக் குட்டிச் சாம்ப்தான்.

அப்படியானால் நூறு வாட்ஸ் எங்கிருந்து வந்தது? லண்டனில் ஜிம் மார்ஷல் என்று ஒரு டிரம்ஸ் வாத்தியார் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் கட்டுப்படியாகவில்லை என்று கிடார்ப் பையன்கள் அவரிடம் வந்து புலம்பினார்கள். 1962-ல் ஃபெண்டரின் பெட்டி ஒன்றை முன்மாதிரியாக வைத்து உள்ளூரிலேயே செய்துகொடுத்தார். இன்று கெத்தாகப் பேசப்படுகிற மார்ஷல்கூட, 'கட்டுபடியாகவில்லை' என்கிற புலம்பலில் பிறந்ததுதான்! மூன்று வருஷம் கழித்து, தி ஹூ கோஷ்டியின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் பெரிய சத்தம் கேட்க, நூறு வாட்ஸ் பிறந்தது.

அதே 1965 ஆகஸ்ட்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தார்கள். ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேல் கூட்டம். அவர்களுக்கென்றே செய்த நூறு வாட்ஸ் பெட்டிகள் இருந்தன. கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. காரணம் எளிது. அந்த நாளில் கிடாரை மைக் வைத்து அரங்கம் முழுக்க அனுப்புகிற ஏற்பாடு சரியாக வளரவில்லை. மேடையில் இருக்கிற பெட்டியே கடைசி வரிசைவரை சத்தத்தைத் தள்ளவேண்டியிருந்தது.

இன்று அந்த அவசியம் மேடையிலேயே இல்லை. கோவளம் கடற்கரையில் 2013-ல் தொடங்கிய அலைச்சறுக்கு - இசை விழா மாதிரியான திறந்தவெளி மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே கடல், மேலே வானம். அங்கேகூடச் சின்ன ஆம்ப்ளிஃபயர் முன்னால் ஒரு மைக்கை வைத்துவிட்டால் மீதியைப் பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். அப்படியிருக்க, பத்துக்குப் பத்து படுக்கையறைக்கு நூறு வாட்ஸ் எதற்கு?

இன்னொரு கணக்கு. நூறு வாட்ஸ் என்றால் பத்து வாட்ஸைவிடப் பத்து மடங்கு சத்தம் என்று நினைக்கிறோம். இல்லை. நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சக்தியைப் பத்து மடங்கு கூட்டினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் உணரும். காசு எகிறும், காது அவ்வளவு எகிறாது. இப்படி ஒரு முதலீட்டை எந்த ஆடிட்டரும் சிபாரிசு செய்யமாட்டார்!

சரி, சத்தம் கூட்டுவதற்கு மட்டும்தான் ஆம்ப்ளிஃபயரா? அதுவும் இல்லை. ஆந்திராவின் பாலக்கொல்லில் 1969-ல் பிறந்த ஒரு சிறுவன், 1980-களின் தொடக்கத்தில் சென்னை சபாக்களில் மாண்டலினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாதாரண மாண்டலினில் தந்தியைத் தட்டினால் நாதம் 'டிங்' என்று உடனே செத்துவிடும். அதில் கமகம் எப்படி வரும் என்று பெரியவர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள். அந்தச் சிறுவனிடம் இருந்தது எலெக்ட்ரிக் மாண்டலின். காந்தமும் பெருக்கியும் சேர்ந்து, மடியப் பார்த்த நாதத்தைப் பிடித்து நிறுத்தின. நாதம் நின்றதால் கமகம் வந்தது. 2014-ல் மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்குக் கொடுத்தது சத்தத்தை அல்ல, அந்த நீட்சியை. நல்ல ஆம்ப்ளிஃபயர் என்பது வாத்தியத்தின் இன்னொரு பாதி. குறைந்த சத்தத்திலும் விரலின் நுணுக்கத்தைக் காட்டவேண்டும். அதுதான் அதன் வேலை.

இனி பர்ஸை எடுக்கலாம். செங்கல்பட்டுக்காரர்கள் மின்சார ரயில் ஏறினால் சென்னையில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. 1842-ல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கி, அண்ணா சாலையில் மியூஸி மியூசிகலாக நிலைத்த கடை ரொம்பப் பழையது. எங்கே போனாலும் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வாசிப்பது சாதாரண மரப்பெட்டி கிடார் என்றால் ஆம்ப்ளிஃபயரே வேண்டாம். அதன் வயிறே சுரைக்குடுக்கை. எலெக்ட்ரிக் கிடாருக்கு மட்டும்தான் இந்தச் செலவு. வீட்டுக்கு ஐந்திலிருந்து பத்து வாட்ஸ் தாராளம். ஸ்பீக்கர் ஆறரை அல்லது எட்டு அங்குலம் இருந்தால் அடித்தந்தியின் கனம் கொஞ்சமாவது கிடைக்கும். ஹெட்ஃபோன் துளை கட்டாயம். கூடவே வாசிப்பதற்குப் பாட்டை ஓடவிட ஒரு இணைப்பு இருந்தால் நல்லது. ஆனால், கிடார் சத்தத்தையே ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு நொடியின் சின்னப் பங்கு தாமதமாக வரும். விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ஒயர் ஹெட்ஃபோன்தான் சரி.

இன்று சின்னப் பெட்டிக்குள்ளேயே கணினிச் சில்லு வைத்து, பெரிய பெட்டிகளின் குரலையெல்லாம் பாவனை செய்கிறார்கள். ரோலண்டின் மைக்ரோ க்யூப் போன்றவை பேட்டரியிலும் ஓடும். கரன்ட் போனாலும் பயிற்சி போகாது. ஐம்பது குரல் இருக்கிறது என்று மயங்கவேண்டாம். சுத்தமான ஒற்றைக் குரல் நன்றாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

கடையில் செய்யவேண்டிய ஒரு முக்கியமான சோதனை உண்டு. 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் ஓர் உண்மையை அளந்து காட்டினார்கள். சத்தம் குறையும்போது அடிக்குரலை நம் காது வேகமாக இழக்கிறது. அதனால் சத்தமாக வைத்தால் எந்தப் பெட்டியும் கம்பீரமாகக் கேட்கும். கடையில் அப்படித்தான் வைத்துக் காட்டுவார்கள். நீங்கள் போய்க் குமிழைத் திருகிக் குறையுங்கள். இரண்டு பேர் பேசினால் கேட்கிற அளவுக்குக் குறைத்து, அப்போதும் காதுக்கு நிறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்காமல் இருக்கும்போது 'உம்ம்' என்று இரைகிறதா என்றும் கவனியுங்கள்.

வீட்டில் பிளக் பாயிண்டுக்கு எர்த் சரியாக இருக்கட்டும். கிடார்த் தந்தியைத் தொட்டுக்கொண்டே இருக்கப்போவது உங்கள் பிள்ளையின் விரல். கோவளம், மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் குடியிருப்பவர்கள் வாசித்து முடித்ததும் ஒரு துணியால் மூடிவையுங்கள். உப்புக் காற்றுக்கு உலோகத் துளைகள் என்றால் கொள்ளை ஆசை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டக் குகை இருக்கிறது. ராஜசிம்ம பல்லவனுடையது என்று பலரும் சொல்கிற குகை. அங்குள்ள கல்வெட்டில் அரசனைப் பற்றி ஒரு பெருமை. இவருடைய சங்கீதத்தைப் புரிந்துகொள்ள பிரம்மா, பரதர், திருமால், நாரதர், முருகன் இவர்களை விட்டால் வேறு யாரால் முடியும் என்கிற பொருளில்! கிடார் கற்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த எண்ணம் உண்டு. இருக்கவேண்டியதுதான். ஆனால், மேல்மாடியில் இருப்பவர் பிரம்மா இல்லை. பக்கத்து வீட்டம்மா நாரதராக வேண்டுமானால் இருக்கலாம்!

சட்டமும் அவர்கள் பக்கம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. சாதாரணப் பேச்சே 60 டெசிபலை எட்டிவிடும்.

நிஜமான நஷ்டம் போலீஸ் புகார் அல்ல. பெரிய பெட்டியை வாங்கினால் முதல் வாரமே "சத்தத்தைக் குறை" என்பீர்கள். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். பரீட்சை வந்ததும் பெட்டி பரண்மேல் ஏறும். கூடவே கிடாரும் ஏறும். நீங்கள் இழப்பது சில ஆயிரம் ரூபாய் மட்டும் என்று கணக்கு எழுதிவிட முடியாது. தினமும் அரைமணி நேரம் தனக்குத்தானே வாசித்துக்கொள்கிற ஒரு பழக்கம் அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போகும்.

கடைக்காரர் "எத்தனை வாட்ஸ் சார் காட்டட்டும்?" என்று கேட்பார். "ராத்திரி ஒன்பது மணிக்கு, பாட்டி பக்கத்து ரூம்ல தூங்கும்போது வாசிக்கற மாதிரி ஒண்ணு காட்டுங்க" என்று சொல்லுங்கள்.