ஆலந்தலைக் கடிதமும் ஆறாத காயமும்



அடிபட்ட சமூகம் எப்படித் தேறுகிறது? வேதம் ஆற்றுகிறதா, உடன் நிற்கும் மனிதர்கள் ஆற்றுகிறார்களா? இந்தக் கேள்வியோடு முத்துக்குளித்துறைக்குப் போவோம்.

1535க்கும் 1537க்கும் இடையில் அந்தக் கரையில் ஏறத்தாழ 20,000 பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பு உரிமைக்கான மோதலில் அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. போர்த்துக்கீசியருக்கு முத்து வருமானம் வேண்டியிருந்தது. அது ஓர் அரசியல் ஒப்பந்தம். தண்ணீர் ஊற்றிய குருக்கள் திரும்பிப் போய்விட்டார்கள். 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அந்த மக்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை.

ஆறுதல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களின் துணையோடு செபங்கள் தமிழுக்கு வந்தன. சவேரியார் மணியடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ச் செபிக்கும் பொறுப்பும் அந்தப் பிள்ளைகளுக்கே கிடைத்தது. யாரும் மதிக்காத மீனவப் பிள்ளை ஊருக்கு ஆறுதல் சொல்லும் ஆளானது.

1544 ஜூனில் வடுகர் படை கரையைச் சூறையாடியது. மக்கள் கன்னியாகுமரிப் பாறைகளுக்கு ஓடிப் பசியிலும் தாகத்திலும் தவித்தார்கள். மணப்பாட்டிலிருந்து 20 படகுகளில் உணவோடு சவேரியார் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை.

செப்டம்பரில் தூத்துக்குடி தாக்கப்பட்டது. போர்த்துக்கீசியக் கேப்டன் தீவுகளுக்குத் தப்பினான். அந்தச் செய்தி கிடைத்ததும் 1544 செப்டம்பர் 5 அன்று சவேரியார் எழுதிய கடிதம் ஆலந்தலையிலிருந்து போனது. புன்னைக்காயல் படகுகளில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு உடனே போகும்படி அது தோழர் மான்சிலாசைக் கேட்டது. கொம்புத்துறை, வேம்பார் பட்டங்கட்டிகளுக்கும் இதே அவசரச் செய்தி போனது. அந்தக் கேப்டனின் அநியாயங்களைச் சவேரியாரே முன்பு கண்டித்து எழுதியிருந்தார். பாதுகாவலனாக வந்தவன் சுரண்டினான். அவன் தவித்தபோது தண்ணீர் கொண்டுபோகக் கரையோரத்து ஏழைகளின் படகுகள்தான் வேண்டியிருந்தன.

பின்னர் வந்த என்றிக்கே என்றிக்கசு தமிழ் கற்று இலக்கணம் எழுதினார். புன்னைக்காயலில் மக்களின் பங்களிப்போடு மருத்துவமனை நடத்தினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அது. தமிழ் அச்சுக்குப் பணம் தந்தவர்கள் பரதவர்கள். உணவு, மருந்து, எழுத்து, தன்மானம்: அந்தக் கரை தேறிய வழி இதுதான்.

ஆனால் தலித் வரலாறு இங்கே நின்றுவிட முடியாது. அந்த மனமாற்றம் ஒரு சாதி சாதியாகவே உள்ளே வந்த மாற்றம். சாதித்தலைவர் அதிகாரமும் கூடவே வந்தது. சாதியை வாசலில் கழற்றச் சொல்லாத திருச்சபை, பின்னால் வந்தவர்களிடம் அதன் விலையை வாங்கியது. வடக்கன்குளம் கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர் இருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டுமென்று வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம்வரை போனார்கள்; தோற்றார்கள். கல்லறைச் சுவர்கள் இன்னும் பல ஊர்களில் நிற்கின்றன. மடத்துக்குள்ளும் சாதி இருப்பதைப் பாமாவின் 'கருக்கு' 1992இல் உலகறியச் சொன்னது.

அரசும் தன் பங்குக்கு ஒரு சுவர் எழுப்பியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதி உரிமையிலிருந்து வெளியேற்றியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றும் திறக்கவில்லை. தீண்டாமை மதம் கேட்டு வருவதில்லை. நிவாரணம் மட்டும் மதம் கேட்கிறது.

விசுவாசத்தால் தேறிய தலித் மக்களை நாம் ஏளனம் செய்ய வேண்டாம். சேரியில் எழுந்த பள்ளியும் செபக்கூட்டமும் எத்தனையோ பேரை நிமிர்த்தியிருக்கின்றன. ஆனால் ஆறுதலின் பெயரால் நீதியைத் தள்ளிப்போடவும் விடக் கூடாது. தாகத்தில் கிடந்தவர்களுக்கு ஆலந்தலைக் கடிதம் கேட்டது தண்ணீர். சபையிடம் நாம் கேட்பது ஒரே கல்லறை. அரசிடம் கேட்பது ஒரே உரிமை. இரண்டும் கிடைக்கும்வரை நம் காயம் ஆறிவிட்டதாக வேறு யாரும் அறிவிக்க வேண்டாம்.