கொல்லாமல் காணும் கலை

உயிரணுவை ஆராய வேண்டுமாயின் முதலில் அதனைக் கொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் இதுவே வழக்கம். உயிரணு நீர் போல் தெளிந்தது. நுண்ணோக்கியில் வைத்தாலும் அதன் உட்பகுதிகள் எளிதில் புலப்படா. ஆகவே மருந்திட்டு இறுகச் செய்து, மெல்லிய சீவலாக அறுத்து, சாயமேற்றிப் பார்த்தனர். கண்டது உயிரின் உருவமேயன்றி உயிரன்று.

இம்முறையால் தீராத வழக்கொன்று இருந்தது. நரம்பிழை ஒரே அணுவிலிருந்து முளைத்து நீள்கிறதா? அன்றிப் பல அணுக்கள் கூடி அதனை ஆக்குகின்றனவா? ஸ்பானிய அறிஞர் ரமோன் இ கஹால் முதற் கொள்கையை நிலைநாட்ட முயன்றார், மறுத்தோரும் இருந்தனர். இரு சாராரும் காட்டிய சான்றுகள் சாயமேற்றிய சீவல்களே. வளர்ச்சியோ ஒரு நிகழ்ச்சி. நின்றுபோன ஒன்றில் அதனை எங்ஙனம் காண்பது?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராஸ் ஹாரிசன் 1907-இல் விடை கண்டார். தவளைக் கருவிலிருந்து, நரம்பிழை தோன்றுமுன்னரே, நரம்பாக வளரவிருக்கும் சிறு துணுக்கொன்றை வெட்டியெடுத்தார். மெல்லிய கண்ணாடித் தகட்டில் தவளையின் நிணநீர்த் துளியை இட்டு, அத்துணுக்கை அதில் வைத்தார். துளி தொங்குமாறு தகட்டைக் குழிவான கண்ணாடிமீது கவிழ்த்து, விளிம்பை மெழுகால் அடைத்தார். அந்தத் துளியே அணுக்களின் உலகம்! நாட்கணக்கில் நோக்கியவர்முன் இழைகள் வெளிப்பட்டு, நுனி அசைந்தசைந்து நீண்டன. கஹாலின் கொள்கைக்கு உயிருள்ள சான்று கிட்டியது.

எனினும் தெளிந்த அணுவின் உள்ளே காண்பது அரிதாகவே இருந்தது. ஹாலந்து நாட்டுக் குரோனிங்கன் நகரப் பௌதிகப் பேராசிரியர் பிரிட்ஸ் செர்னிகே அக்குறையைத் தீர்த்தார். அணுவின் அடர்ந்த பகுதியில் புகும் ஒளியலை சற்றே பின்தங்கும். அப்பின்னடைவைக் கண் அறியாது. ஒளியையும் நிறத்தையுமே அறியும். அவர் அப்பின்னடைவை வெளிச்சமும் நிழலுமாக மாற்றும் வழி கண்டார். சாயம் தேவையில்லை, சாவும் தேவையில்லை.

1932-இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தாரிடம் அதனைக் காட்டினார். பயனுள்ளதாயின் தாங்களே முன்பே கண்டுபிடித்திருப்போம் என்ற பொருளில் விடை வந்தது! போர்க்காலத்தில், 1941-ஐ ஒட்டியே, அக்கருவி உற்பத்திக்கு வந்தது. 1953-இல் செர்னிகே நோபெல் பரிசு பெற்றார்.

2010-இல் ஹார்வர்டு அறிஞர்கள், ஒளி புகும் சிறு சில்லினுள் மனித நுரையீரல் அணுக்களை வளர்த்து, மூச்சுவிடுவது போல் விரிந்து சுருங்கச் செய்தனர். ஹாரிசனின் துளிக்கு அது வழித்தோன்றல் எனலாம். உயிரை அறிய விரும்புவோன் அதனை வாழவிட்டு, பொறுத்திருந்து நோக்க வேண்டும் என்பதே அத்துளி கற்பித்த பாடம்.