சோழிக் கணக்கும் செமினரிக் கணக்கும்

1829 மார்ச் 20 அன்று சந்திர கிரகணம். அது எப்போது பிடிக்கும், எவ்வளவு மறைக்கும் என்பதில் யாழ்ப்பாணத்து வலிகாமம் மேற்கில் இரண்டு கணக்குகள் உலவின. ஒன்று, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணக்கு. மற்றது, பக்கத்து ஊரான வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரியின் அதிபர் டானியல் பூவர் போட்ட கணக்கு. தொடங்கும் நேரத்தில் மட்டும் 15 நிமிட வித்தியாசம். நீடிக்கும் நேரமும் மறையும் அளவும்கூட ஒத்துப்போகவில்லை.

அன்று வானம் பூவர் பக்கம் நின்றது.

செமினரி தொடங்கி அப்போது ஆறு வருடம்தான். 1823இல் பிறந்த அந்தக் கல்லூரியில் கணிதமும் வானியலும் பாடத்திட்டத்தின் நடுநாயகம். பூவருக்கு இதில் சமய நோக்கமும் உண்டு: ராகு, கேது என்ற பாம்புகள் நிலவை விழுங்குகின்றன என்ற புராணத்தைக் கிரகணத்தை வைத்து மடக்க வேண்டும். ஆனால் பஞ்சாங்கக்காரர் போட்ட கணக்கில் பாம்பு எதையும் விழுங்கவில்லை. அங்கே ராகுவும் கேதுவும் நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள் மட்டுமே. ஆகவே அன்று மோதியவை இரண்டு கணிப்பு முறைகள்.

சாஸ்திரியார் பக்கத்து முறை எப்படி ஓடியது என்பதைப் புதுச்சேரிச் சம்பவம் ஒன்று காட்டுகிறது. சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரை உட்காரவைத்து, 1825 மே 31 இரவுக் கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் ஏடு எதையும் திறக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்க்குள் முணுமுணுத்தபடி அவற்றை நகர்த்திக்கொண்டே போய் விடையைச் சொல்லிவிட்டார். வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது. நினைவாற்றல் மட்டும் அபாரம். வாரன் அதைத் தன் ‘கால சங்கலித’ நூலில் பதிந்து வைத்தார்.

முணுமுணுத்தவை வாக்கியங்கள். நிலவு பூமியை நெருங்கி விலகும் சுற்று ஏறத்தாழ 27.55 நாள், ஒன்பது சுற்றுக்கு 248 நாள். அந்த 248 நாளும் நிலவு எங்கே நிற்கும் என்று ஒருமுறை கணித்துவிட்டால் அதே வரிசை திரும்ப வரும். எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையில் அந்த 248 நிலைகளும் 248 சிறு வாக்கியங்களாக மனப்பாடம். கலியுகம் தொடங்கியதிலிருந்து எண்ணிய நாள்களில் முதலில் 16,00,984, பிறகு 12,372, அதன்பின் 3,031, கடைசியில் 248 என்று கழிக்கக் கழிக்க, 248க்குள் ஓர் எண் மிஞ்சும். அத்தனையாவது வாக்கியத்தை எடுத்து, கழித்த சுற்றுகளுக்குரிய தொகைகளையும் கூட்டினால் நிலவின் இடம் கைக்கு வந்துவிடும்.

வேகத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கடினமான கணக்கை முன்கூட்டியே முடித்துச் சேமித்து, வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் இதே உத்தியைத்தான் இன்றைய மீத்திறன் கணினிகளுக்கு நிரல் எழுதுகிறவர்களும் கையாளுகிறார்கள். குறையும் அதற்குள்ளேயே இருந்தது. சுற்றுகளில் உள்ள சிறு பிழை தலைமுறை தலைமுறையாகச் சேரும். கோட்பாடு தெரியாதவரால் அதைத் திருத்த முடியாது. கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கெபவர் 1952இல் அந்தப் புதுச்சேரிக் கணக்கைச் சரிபார்த்தபோது, கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியிருந்தது.

செமினரிக்காரர்கள் உள்ளூர் முறையை ஒதுக்கிவிடவில்லை. பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன், தமிழ்ச் சோதிட நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். செமினரியில் படித்த கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழில் ‘வீசகணிதம்’ கொண்டுவந்தார். அதே வருடம் செமினரி மூடப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டை மாணவர்கள்.

கல்லூரி மாணவர் கையில் மீத்திறன் கணினியின் வலிமை வந்து சேர அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. 1994இல் நாசாவின் கொடார்ட் மையத்தில் தோமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 486 ரகக் கணினிகள் பதினாறை ஈதர்நெட் வடத்தால் பிணைத்து ஒரே வேலையைப் பகிரவைத்தார்கள். ‘பெயோவுல்ஃப்’ என்ற அந்த அமைப்புக்குக் கடையில் வாங்கும் கணினிகளே போதும் என்பதால் சிறு கல்லூரிகளும் துணிந்தன.

யாழ்ப்பாணத்துக்கு அந்த வருடம் மின்சாரம் இல்லை. 1990இல் மீண்டும் மூண்ட போரில் விநியோகம் அறுந்திருந்தது. எரிபொருளும் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட காலம் அது. 1974இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் அந்த இருட்டுக்குள்தான் இயங்கியது.

யாழ்ப்பாணத்துத் தீவுகளின் நிலை போருக்குப் பின்னும் வேறு. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகும் அனலைதீவில், நிலப்பகுதி மின்வலையோடு தொடர்பில்லாத டீசல் மின்பிறப்பாக்கிதான் வழியாக இருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமாக 530 கிலோவாட் காற்றாலையும் 1,700 கிலோவாட் சூரியசக்தியும் நிறுவ, இந்திய மானியத்தில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

கிரகண நேரத்தை இப்போது கைபேசியே விநாடி சுத்தமாகச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கம் வருடந்தோறும் அச்சாகிறது, இன்றைய வானியல் கணக்கைத் தழுவிய திருக்கணிதப் பஞ்சாங்கமும் வருகிறது. இரண்டும் முரண்படும் வருடங்களில் ஒரே விரதத்துக்கு இரண்டு நாள் விழுகிறது. எந்த நாள் என்பதைக் கோயில்காரர்தான் தீர்மானிக்கிறார்.