நன்கொடையை ஏற்க ஆளில்லாத தோட்டம்

1884ஆம் ஆண்டு லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் ஒரு விந்தையான சிக்கல் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் வாழ்ந்த சேயஸ் கோர்ட் தோட்டத்தை அவருடைய வழித்தோன்றல் ஒருவர் பொதுமக்களுக்கு வழங்க விரும்பினார். கொடுக்க மனமிருந்தது, பெற்றுக்கொண்டு என்றென்றைக்கும் காத்து நிற்கத் தகுந்த சட்டபூர்வமான அமைப்பு ஒன்றுகூட இல்லை. ஏழைகளின் குடியிருப்புக்காக உழைத்துவந்த ஆக்டேவியா ஹில் அம்மையாரிடம் இச்செய்தி வந்தது. அவர் பொதுநில வழக்குகளில் தேர்ந்த வழக்கறிஞர் ராபர்ட் ஹன்டரை நாடினார்.

வரலாற்றுச் சின்னங்களைத் தன்னார்வலர்கள் காப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆர்வத்தையும் நிதியையுமே பேசுகிறோம். ஹன்டர் கண்ட குறை வேறு. அவர் சார்ந்திருந்த பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் வழக்காடலாம்; நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்க அதற்கு உரிமையில்லை. போராடுவோரின் கையில் பத்திரம் இல்லையெனில் ஒவ்வொரு தலைமுறையும் அதே போரை மீண்டும் தொடங்க வேண்டும். எனவே நிலம் வாங்கவும் வைத்திருக்கவும் வல்ல ஒரு நிறுவனம் தேவை என்றார். அதற்கு ‘டிரஸ்ட்’ என்று பெயரிடலாமென ஹில் எழுதிய கடிதத்தின் மேல், ‘நேஷனல் டிரஸ்ட்?’ என்று ஹன்டர் பென்சிலால் குறித்துவைத்தார். அந்தக் கேள்விக்குறி நீங்கப் பத்தாண்டுகள் ஆயின. ஏரி மாவட்டத்துப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லியும் இணைய, 1895 ஜனவரியில் நேஷனல் டிரஸ்ட் பதிவாயிற்று. சேயஸ் கோர்ட் தோட்டத்துக்கு அது காலங்கடந்த உதவி.

முதல் சொத்து வேல்ஸ் கடற்கரையில், பார்மத் ஊருக்கு மேலுள்ள டினாஸ் ஒலாய் எனும் ஐந்து ஏக்கருக்கும் குறைந்த மலைச்சரிவு. திருமதி ஃபேனி டால்பட் கொடையாக அளித்தது. மறு ஆண்டில் ஆல்ஃப்ரிஸ்டன் சிற்றூரின் பழைய குருமனை 10 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. 1902இல் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையின் பிராண்டல்ஹோ காட்டுக்காக ஐந்து மாதங்களில் 6,500 பவுண்டு திரண்டது. செல்வரோடு தொழிலாளரும் சில்லறைகளை அனுப்பினர்.

ஆயினும் என் பார்வையில் இந்நிறுவனத்தின் உண்மையான பிறந்த ஆண்டு 1907. அவ்வாண்டு ஹன்டரின் முயற்சியால் நிறைவேறிய நாடாளுமன்றச் சட்டம், தன் நிலங்களைப் பராதீனம் செய்ய இயலாதவை என அறிவிக்கும் அதிகாரத்தை டிரஸ்டுக்கு அளித்தது. நம் கிரயப் பத்திரங்களைப் படித்தவர்க்கு இதன் விசித்திரம் புரியும். அங்கே வாங்கியவர் தானாதி விக்கிரயங்களுக்கு முழு உரிமை பெறுகிறார். இங்கே வாங்கியவர் தம் கையைத் தாமே கட்டிக்கொள்கிறார். டிரஸ்டின் நாளைய நிர்வாகிகள் பணமுடையால் விற்க நினைத்தாலும் விற்க முடியாது. சோழர் கல்வெட்டுகளில் சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதி, அழிப்பவனுக்குப் பாவத்தையும் சேர்த்து எழுதினர். ஹன்டர் பாவத்தின் இடத்தில் நாடாளுமன்றத்தை வைத்தார். அந்தக் காவலும் முழுமையானதன்று. 1968இல் சால்ட்ரம் மாளிகையின் பூங்காவை ஊடறுத்துச் சாலை போட நாடாளுமன்றமே இசைந்தது.

1984இல் டெல்லியில் தொடங்கப்பட்ட நம் இன்டாக் அமைப்பு பெயரிலேயே ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற சொற்களைக் கொண்டிருக்கிறது. பதிவுபெற்ற சங்கமான அதற்கு இத்தகைய தனிச்சட்டம் இல்லை. பட்டியலிடுகிறது, சீரமைக்கிறது, வாதாடுகிறது. இடிக்கத் துணிந்த உரிமையாளர் முன் அதன் பட்டியல் பெரும்பாலும் வேண்டுகோளாகவே நிற்கிறது.

இங்கிலாந்திலோ கதை வேறு திசையில் திரும்பியது. வாரிசு வரியால் தளர்ந்த பிரபுக்களின் மாளிகைகளை மீட்க வேண்டுமென்று லோதியன் பிரபு 1934இல் உரையாற்றினார். 1937ஆம் ஆண்டுச் சட்டம் வழிதிறந்தது: மாளிகையையும் பராமரிப்புக்கான நிதியையும் டிரஸ்டுக்குத் தந்துவிட்டுக் குடும்பத்தார் அங்கேயே வாழலாம், மக்கள் வந்து பார்க்க அனுமதித்தால் போதும். 1940இல் லோதியன் மறைந்தபோது அவருடைய பிளிக்ளிங் மாளிகையும் வந்து சேர்ந்தது. ஏழைகளுக்குத் திறந்தவெளி தேடிய ஹில் அம்மையாரின் நிறுவனம் பிரபுக்களின் புகலிடமானதில் எள்ளல் உண்டு. ஆனால் அவ்வழி இல்லையெனில் பல மாளிகைகள் இடிபட்டிருக்கும் என்பதும் மறுக்க முடியாதது.

மாளிகையை ஏற்றால் அதன் கடந்த காலத்தையும் ஏற்றாக வேண்டும். 1952இல் டிரஸ்டிடம் வந்த வேல்ஸின் பவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் வண்ணக்கூடாரமும், அவரது அரியணையை அணிசெய்த பொற்புலித் தலைகளுள் ஒன்றும் உள்ளன. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட், பவிஸ் குடும்பத்து ஹென்றியட்டாவை மணந்தவர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது மதராஸ் ஆளுநர்.

2020 செப்டம்பரில், காலனியாட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்புடைய 93 இடங்களைப் பற்றி டிரஸ்ட் தானே அறிக்கை வெளியிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் சீறினர். தாயகப் பெருமை குலைகிறதென உறுப்பினர் சிலரும் கொதித்தனர். அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம் முறையீடுகளை ஆராய்ந்து, நடவடிக்கைக்குக் காரணமில்லை என 2021 மார்ச்சில் அறிவித்தது. அறிக்கை திரும்பப் பெறப்படவில்லை. கூடாரம் இன்னும் பவிஸில்தான் இருக்கிறது.