மரை கழன்ற கதை

புத்தி பிசகியவனை 'மரை கழன்றவன்' என்று சொல்வது நம் பேச்சு வழக்கு. பட்டறையிலிருந்து மொழிக்கு வந்த சொல் இது. போல்ட்டின் உடலிலும் நட்டின் உட்புறத்திலும் ஓடும் சுருள்வரியே மரை. அது மழுங்கிவிட்டால் எத்தனை முறை திருகினாலும் போல்ட் இறுகாது, சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வழக்கு குற்றத்தைக் கழன்றதன்மீதே சுமத்துகிறது. ஆனால் மரைகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலான மரைகள் தாமாகக் கழல்வதில்லை, ஒன்றுக்கொன்று பொருந்தாதவற்றை வலிந்து பொருத்தும்போதே கழல்கின்றன என்பது புலப்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஒரு போல்ட்டுக்கு அதனுடன் பிறந்த நட்டு மட்டுமே பொருந்தும். எந்திரத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு இணைக்கும் அடையாளக்குறி இட்டு வைப்பார்கள். குறி மாறினால் வேலை கெட்டது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய மரைவெட்டும் கடைசல் எந்திரம், ஒரே அளவு மரையைத் திரும்பத் திரும்ப வெட்ட வழிசெய்தது. ஆயினும் ஒவ்வொரு பட்டறையும் தனக்கெனத் தனி அளவு வைத்திருந்தது.

மாட்ஸ்லேயிடம் தொழில் பயின்ற ஜோசப் விட்வொர்த், இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி அளந்தார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து எல்லோர்மீதும் திணிக்க அவர் முயலவில்லை. புழக்கத்தில் இருந்தவற்றின் சராசரியையே எடுத்துக்கொண்டார். 55 பாகைக் கோணம், வளைந்த முகடு, வளைந்த பள்ளம், ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை வரிகள் என்று அவர் வகுத்த ஒழுங்கு 1841-இல் பொறியாளர் சபையில் முன்வைக்கப்பட்டது. கிரிமியப் போரின்போது பீரங்கிப் படகுகளுக்கு அவசரமாக எஞ்சின்கள் தேவைப்பட்டபோது, ஜான் பென் என்ற பொறியாளர் மாதிரி எஞ்சின்களைப் பிரித்து, பாகங்களை வெவ்வேறு பட்டறைகளில் செய்யக் கொடுத்தார். வெவ்வேறு ஊர்களில் பிறந்த பாகங்கள் ஓரிடத்தில் கூடிப் பொருந்தின. அன்றைக்கு அது வியப்பான செய்தி.

ஒழுங்கு ஒன்றாக நிலைக்கவில்லை. 1864-இல் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ், விட்வொர்த்தின் வளைவுகளைச் சாதாரணத் தொழிலாளி வெட்டுவது கடினம் என்று வாதிட்டு, 60 பாகைக் கோணமும் தட்டையான முகடும் கொண்ட வேறொரு மரையை முன்மொழிந்தார். சமபக்க முக்கோணத்தின் கோணம் அது. எவரும் எளிதில் சரிபார்க்கலாம். நியாயமான வாதம்தான். ஆனால் அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த்துக்கு 12 வரிகள், செல்லர்ஸுக்கு 13. அட்லாண்டிக்கின் இரு கரைகளும் ஒரு வரியால் பிரிந்தன.

இத்தகைய பிரிவின் விலை என்ன என்பதை 1904 பிப்ரவரி 7 காட்டியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது வாஷிங்டன் முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலில் விரைந்து வந்தன. அவர்களுடைய குழாய்களின் இணைப்பு மரை பால்டிமோரின் தெருக்குழாய்களில் ஏறவில்லை. தண்ணீர் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். இடையில் மரை ஒப்பவில்லை. முப்பது மணி நேரத்துக்குள் 1500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் தயாரிக்க முன்வந்தபோது, பிரிட்டிஷ் மரைகளை வெட்டும் கருவிகளை அந்நிறுவனமே செய்துகொள்ள நேர்ந்தது. போர் முடிந்தபின், 1948 நவம்பரில், அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 60 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. 1965-இல் பிரிட்டனின் தர நிறுவனம் விட்வொர்த் மரைகளை வழக்கொழிந்தவையாகக் கருதி மெட்ரிக்குக்கு மாறும்படி தன் நாட்டுத் தொழில்துறைக்கு அறிவுறுத்தியது.

தாய்வீட்டில் வழக்கொழிந்தது நம்மூரில் உயிரோடு இருந்தது. 1955-இல் சென்னைக்கு வந்த என்ஃபீல்ட் புல்லட் அங்குல மரைகளோடுதான் வந்தது. விட்வொர்த் ஸ்பேனரின்மீது பொறித்த எண் வாயின் அகலத்தை அல்ல, போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும் என்பதை நம் மெக்கானிக்குகள் எந்த நூலையும் படிக்காமல் அறிந்திருந்தார்கள். பின்னர் கடைவீதியை மெட்ரிக் போல்ட் நிறைத்தபோது சிக்கல் தொடங்கியது. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பரவலாக இருந்த கால் அங்குல 'சைக்கிள் மரை'க்கு அங்குலத்துக்கு 26 வரிகள். கடையில் எளிதாகக் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டின் வரிக்கோ இடைவெளி ஒரு மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 25.4 வரிகள். ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அந்த போல்ட் அந்தத் துளைக்குள் மறுப்பின்றி இறங்கிவிடும். ஆனால் விட்டம் 0.35 மில்லிமீட்டர் குறைவு. மரையின் நுனிகள் மட்டுமே பற்றியிருக்கும். இறுக்கும் கடைசிச் சுற்றில், எஃகைவிட மென்மையான அலுமினியம் தூளாக உதிரும். ஏறவே ஏறாத போல்ட் செய்யாத கேட்டை ஏறக்குறையப் பொருந்தும் போல்ட் செய்துவிடுகிறது.

பழுதுபார்க்கும் முறை அழகானது. முன்பெல்லாம் துளையைப் பெரிதாக்கி, பித்தளைப் புஷ் அடித்து, அதில் புதிதாக 'த்ரெட்' போடுவார்கள். அல்லது வெல்டு வைத்து நிரப்பித் துளையிடுவார்கள். ஹெலிகாயில் என்ற வணிகப்பெயரால் அறியப்படும் கம்பிச்சுருள் வந்தபின் வேலை எளிதானது. சிதைந்த மரையைத் துளைத்து நீக்கி, சற்றே பெரிய மரையை 'டேப்' கொண்டு வெட்டுகிறார்கள். உலோகத்தூள் எஞ்சினுக்குள் விழாதபடி கருவியில் கிரீஸ் தடவுவது வழக்கம். பிறகு சாய்சதுரக் குறுக்குவெட்டு கொண்ட துருவேறா எஃகுக் கம்பியின் சுருளை உள்ளே திருகுகிறார்கள். இயல்பில் துளையைவிடச் சற்றுப் பெரிய சுருள், உள்ளே சென்றதும் விரிய முயன்று தானே பற்றிக்கொள்கிறது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கை ஒடித்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. சுருளின் உட்புறம் பழைய அளவு மரை. அதே போல்ட் மீண்டும் ஏறும். சுமை பெரிய பரப்பில் பரவுவதால், மென்மையான அலுமினியத்தில் இந்த மரை முந்தையதைவிட உறுதியானது.

இந்தச் சுருள் வெளிப்புறம் ஒரு மரையையும் உட்புறம் வேறொரு மரையையும் தாங்கி நிற்கிறது. துளையையும் போல்ட்டையும் அது ஒன்றாக மாற்றிவிடவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. ஒரே மரைக்காக ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நாடுகள் வாதிட்டன. பழைய வண்டியோடு வருபவனுக்குப் பட்டறைக்காரர் அரைமணி நேரத்தில் செய்து தருவது இந்தச் சிறு சமரசத்தைத்தான்.