எழுபது கைகள்

சீனப் பீங்கானைப் பற்றிய ரசனைப் பேச்சில் மரபு, சுயத்தன்மை என்ற இரண்டு வார்த்தைகளும் தவறாமல் வரும். ஐரோப்பியச் சந்தைக்கென்று செய்த பீங்கான் என்றால் அதே ரசிகர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அது ஆர்டருக்குச் செய்த சரக்கு. ஆகவே கலை அல்ல. இந்த 'ஆகவே' எனக்கு உடன்பாடில்லை. ஜிங்டெஜென் நகரத்துச் சூளைகளில் சக்கரவர்த்தியின் அரண்மனைக்கென்று சுட்டதும் ஆர்டர்தான்.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. 1635-இல் தைவானிலிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார், மரத்தில் கடைந்த மாதிரிகளைச் சீன வணிகர்களிடம் கொடுத்து, இவை பீங்கானில் வேண்டும் என்றார்கள். உப்புக் கிண்ணம், கடுகுச் சாடி போன்ற டச்சுச் சாப்பாட்டு மேஜைச் சாமான்கள் அவை. செய்கிறவன் வீட்டில் அவற்றுக்கு வேலையில்லை.

1712-இல் ஜிங்டெஜெனைப் பற்றி எழுதிய நீண்ட கடிதத்தில் பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் தாந்த்ரகோல் அங்கு நடந்த வேலையை விவரிக்கிறார். ஒரு பாத்திரம் எழுபது பேர் கைகளைக் கடந்து வருமாம். விளிம்புக் கோடு போடுபவன் ஒருவன்; பூவின் கோட்டுருவம் வரைய ஒருவன், வர்ணம் தீட்ட இன்னொருவன்; மலைக்கும் நீருக்கும் ஒருவன், பறவைக்கும் மிருகத்துக்கும் வேறொருவன். 'படைப்பாளி' என்று நாம் கொண்டாடும் தனிமனிதனை இவர்களில் எங்கே தேடுவது?

அதே கடிதத்தில் என்னை உறுத்துவது வேறொரு செய்தி. ஐரோப்பாவிலிருந்து வரும் மாதிரிகள் விசித்திரமானவை, செய்து முடிக்கச் சிரமமானவை. சிறு பழுது கண்டாலும் வியாபாரிகள் வாங்க மறுத்துவிடுவார்கள். மறுத்த பாத்திரம் தொழிலாளி தலையில் விடியும். சீன ரசனைக்கு ஒவ்வாததால் உள்ளூரிலும் அது விலைபோகாது.

1734-இல் கம்பெனி கோர்னெலிஸ் பிராங்க் என்ற ஓவியனை அமர்த்திப் பீங்கானுக்குச் சித்திரங்கள் எழுதச் சொல்லிற்று. குடைநிழலில் பெண்கள், எதிரே நீர்ப்பறவைகள்: டச்சுக்காரன் ஒருவன் கற்பித்துக்கொண்ட கிழக்கு. அதைச் சீன ஓவியன் தட்டில் எழுதித் திருப்பி அனுப்பினான். அதே சித்திரம் ஜப்பானுக்குப் போனபோது, பெண்கள் ஜப்பானியப் பெண்களாகிவிட்டார்கள். நகலெடுக்கும் கை முழுக்க அடிபணிவதில்லை. செலவு கட்டுபடியாகாமல் சில ஆண்டுகளில் கம்பெனி இத்திட்டத்தைக் கைவிட்டது.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்குச் சரக்குப் பட்டியல்களில் ஒரு ஈர்ப்பு. 1752 ஜனவரியில் தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கிய கெல்டர்மால்சன் கப்பலில் பிரதானச் சரக்கு தேயிலை. பீங்கான், மதிப்பில் ஒரு சிறு பங்கு. தண்ணீரில் கெடாது, கனமானது என்பதால் தேயிலைக்கு அடியில் அடுக்கியிருந்தார்கள். தேயிலை அழிந்தது. பீங்கானை 1985-இல் வெளியே எடுத்து மறு வருஷம் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள்; ஏறத்தாழ ஒன்றரை லட்சம் உருப்படிகள்.

அவையெல்லாம் வியாபாரியின் கண்ணுக்குத் தேறியவை. தேறாதவற்றுக்குக் கம்பெனியின் பேரேட்டில் பக்கம் இருக்க நியாயமில்லை. வாங்காத சரக்கை எவன் பதிவான்? இந்தப் பீங்கான் கலையா சரக்கா என்று தீர்ப்புச் சொல்லவரும் விமர்சகன், இரண்டு ஊர்களிலும் இடமில்லாமல் செய்தவனிடமே தங்கிவிட்ட அந்தப் பாத்திரங்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசவேண்டும்.