குடகு நாட்டுத் துப்பாக்கியும் வேட்டை விலக்கும்

இந்திய நாட்டில் உரிமம் பெறாமல் எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது என்பது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் வகுத்த பொது விதி. இவ்விதியினின்று நெடுங்காலமாக விலக்குப் பெற்று நிற்பது காவிரி தோன்றும் குடகு மாவட்டம். அங்கு வாழும் கொடவர் குலத்தாரும், ‘ஜம்மா’ எனப்படும் பழைய நிலவுரிமை உடையோரும் உரிமம் இன்றியே துப்பாக்கி வைத்திருக்கலாம், ஏந்திச் செல்லலாம். ஆயினும் அதே துப்பாக்கியால் தம் சொந்தக் காப்பித் தோட்டத்தில் திரியும் ஒரு மானையேனும் காட்டுப்பன்றியையேனும் அவர்கள் தம் விருப்பப்படி சுட்டு வீழ்த்த இயலாது. ஏந்தும் உரிமை உண்டு. வேட்டையாடும் உரிமை இல்லை.

இவ்விரு நிலைகளும் ஒரே மண்ணில் ஒருங்கே அமைந்தது எவ்வாறு? கொல்லாமையை முதலறமாகக் கொண்ட நம் சமுதாயத்தார் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. படைக்கலம் தாங்குதல் வேறு, உயிர் கொல்லுதல் வேறு எனப் பிரித்துணரும் நெறியை நம் ஆசாரிய பெருமக்கள் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே இல்லறத்தார்க்கு உணர்த்தியுள்ளனர். அரசின் சட்டம் அந்நெறியின் அருகில் வந்து சேர மிக நீண்ட காலம் பிடித்தது.

குடகு மண்ணில் சமணம்

குடகு என்றவுடன் வீரமும் வேட்டையுமே பலர் நினைவிற்கு வரும். அந்நாட்டின் வடபகுதியில் சமணம் செழித்திருந்த காலமும் உண்டு. முதலாம் இராசராச சோழன் காலத்தில் சோழர்க்கு அடங்கிய சிற்றரசராகக் கொங்காள்வர் அங்கு ஆட்சி எய்தினர். இவர்கள் அருகன் நெறியைப் போற்றியவர்கள். முள்ளூரில் இன்றும் காணப்படும் பழைய ஜினாலயங்கள் இவர்கள் காலத்தவை. கொங்காள்வ அரசி போச்சப்பரசி, தம் குரு குணசேன பண்டிதர்பால் பேரன்பு பூண்டு 11ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அங்குச் செய்த திருப்பணியைக் கல்வெட்டுகள் கூறுகின்றன.

கொங்காள்வர் போர்க்குடியினர், வாளேந்தியவர். அருகனடியாராக இருந்துகொண்டு படைக்கலம் தாங்கியது எங்ஙனம் பொருந்தும்? சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவை நிறுவிய சாமுண்டராயர் கங்கர் படைத்தலைவர் அல்லரோ? இதற்கு விடை தருவது நம் நூல்கள் ஹிம்சையை நான்காகப் பகுத்திருக்கும் முறையாகும். சமைத்தல், இல்லம் பேணுதல் முதலியவற்றில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் பிறரையும் நாட்டையும் காக்குமிடத்து நேர்வது விரோத ஹிம்சை. கொல்லவேண்டும் என்னும் எண்ணத்துடனேயே செய்வது சங்கற்ப ஹிம்சை. முதல் மூன்றையும் இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாது. இயன்றவரை குறைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன். நான்காவதை அறவே விடுதல் வேண்டும். வேட்டை இந்நான்காம் வகையைச் சார்ந்தது. சூது, கள், ஊன், களவு முதலியவற்றுடன் அதனையும் சேர்த்து ஏழு வியசனங்களுள் ஒன்றாக விலக்கியதன் காரணம் இதுவே.

ஆகவே, வாளேந்திய சிராவகனுக்கும் வேட்டை விலக்கப்பட்டதேயாம். படைக்கலம் அவன் கையில் இருப்பது காவலுக்கு மட்டுமே.

ஜம்மா நிலமும் துப்பாக்கியும்

கொங்காள்வர்க்குப் பின் பல நூற்றாண்டுகள் கழித்துக் குடகில் ஹாலேரி அரசர்கள் ஆண்டனர். வேண்டும்போது படைப்பணி ஆற்றும் கடமையுடன் குடிகட்குத் தலைமுறை தலைமுறையாக வழங்கப்பட்ட நிலமே ஜம்மா. அதற்கு வரி குறைவு. நிலத்தை விற்கவும் கூறுபோடவும் இயலாதவாறு குடும்பம் முழுவதற்கும் பொதுவாக இருந்தது. இவ்வாறு நிலமும் படைக்கலமும் ஒன்றோடொன்று பிணைந்தன.

1834ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் குடகைத் தம் ஆட்சியுடன் இணைத்தனர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் இந்தியர் கையிலிருந்த படைக்கலங்களைப் பறிக்கும் சட்டம் எழுந்தது. கிளர்ச்சியில் கலவாது ஆங்கிலேயர் பக்கம் நின்ற குடகு மக்களுக்கு அச்சட்டத்தினின்று விலக்கு அளித்து, மைசூர், குடகு ஆணையராக இருந்த மார்க் கப்பன் 1861ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆணை பிறப்பித்தார். 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் நாடு முழுவதும் உரிமத்தைக் கட்டாயமாக்கியபோதும் இவ்விலக்கு நீடித்தது.

கொடவர் வாழ்வில் துப்பாக்கி பெற்றுள்ள இடத்தையும் இங்குக் கூறவேண்டும். ஆண் மகவு பிறந்தால் ஒரு வெடி. இறப்பு நேர்ந்தால் இரு வெடி என்பது அவர்தம் பழைய வழக்கம். நாற்று நடவு முடிந்தபின் செப்டம்பர்த் திங்களில் வரும் ‘கைல் போள்து’ விழாவில் படைக்கலங்களை வரிசைப்படுத்தி வழிபடுவர். அன்று துப்பாக்கிக்குச் சூட்டும் மலர், நம் இலக்கியங்கள் போற்றும் செங்காந்தளே. அதனை அவர்கள் துப்பாக்கிப் பூ என்னும் பொருள்படத் ‘தோக் பூ’ என வழங்குகின்றனர்.

இவ்விழாவை அடுத்து வேட்டைக்குச் செல்வதும் முன்னாளில் வழக்கமாக இருந்தது. புலியைக் கொன்றவனை மணமகன்போல் அணிசெய்து அமரவைத்து ஊரார் பாராட்டும் ‘நரி மங்கல’ச் சடங்கும் நடைபெற்றது. கொடவர் மொழியில் நரி என்பது புலியைக் குறிக்கும். துப்பாக்கியும் வேட்டையும் பிரிக்கவொண்ணாதவை என்றே அக்காலத்தார் எண்ணினர்.

வேட்டைக்காரர்க்காக எழுந்த சட்டங்கள்

ஆங்கிலேயர் ஆட்சியிலும் விலங்குகளைக் காக்கும் சட்டங்கள் இருந்தன. காட்டு யானைகளை இசைவின்றிக் கொல்வதைத் தடுத்துச் சென்னை மாகாணம் 1873ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. நீலகிரியில் வேட்டை விரும்பிகள் 1877ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தனர்; 1879ஆம் ஆண்டில் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1912ஆம் ஆண்டில் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுமைக்குமென இயற்றப்பட்டது.

இவற்றின் உட்பொருளை நோக்குதல் வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் சுடலாகாது. மற்றைக் காலத்தில் சுடலாம் என்பதே இவற்றின் அடிப்படை. அடுத்த ஆண்டும் சுடுவதற்கு விலங்குகள் எஞ்சியிருக்கவேண்டும் என்னும் கவலையே பெரிதும் இவற்றைத் தோற்றுவித்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் மானும் முயலும் இருந்தன; புலி இல்லை. புலியைக் கொன்றவர்க்கு அரசே பரிசுப்பணம் வழங்கிய காலம் அது.

படைக்கலச் சட்டத்தின் நோக்கும் இத்தகையதே. யார் துப்பாக்கி ஏந்தலாம் என்பதை 1878ஆம் ஆண்டுச் சட்டம் முறைப்படுத்தியது. ஐரோப்பியர்க்கு அதில் விலக்கும் தரப்பட்டது. ஆட்சியாளர்க்கு அச்சம் விளையக்கூடாது என்பதே அதன் கருத்து. துப்பாக்கியின் முன் நிற்கும் உயிரைப் பற்றி அச்சட்டம் எண்ணவில்லை. வேட்டைச் சட்டமோ அவ்வுயிரை வேட்டைக்காரனின் உடைமையாகவே எண்ணியது.

1972: நோக்கு மாறியது

விடுதலைக்குப் பின்னரும் உரிமம் பெற்ற வேட்டை தொடர்ந்தது. புலிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டதென நாடு உணர்ந்த வேளையில், 1972ஆம் ஆண்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தொடக்கத்தில் இச்சட்டமும் சிலவகை விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடந்தந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாயிலையும் அடைத்தது. அன்றுமுதல் பட்டியலில் உள்ள விலங்குகளை விளையாட்டுக்காகவோ ஊனுக்காகவோ வேட்டையாடுதல் நாடெங்கும் குற்றமாயிற்று.

வேட்டை என்னும் சொல்லுக்கு இச்சட்டம் தரும் விளக்கம் விரிவானது. கொல்லுதல், நஞ்சிடுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், துரத்துதல், இரைகாட்டி இழுத்தல் ஆகிய அனைத்தும் வேட்டையே. அவற்றிற்கு முயலுதலும் வேட்டையே. பறவையின் முட்டையையும் கூட்டையும் சிதைத்தலும் அதனுள் அடங்கும்.

துப்பாக்கியைப் பற்றியும் இச்சட்டம் தனியே பேசுகிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துவழி இசைவின்றிச் சரணாலயத்தினுள் எவரும் படைக்கலத்துடன் நுழைதல் கூடாது என்பது 31ஆம் பிரிவு. 34ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. சரணாலயத்தினுள்ளும் அதனைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள்ளும் வாழ்ந்து படைக்கலம் வைத்திருப்போர் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. உரிமம் பெற்றவரை மட்டுமின்றி, படைக்கலச் சட்டத்தினின்று விலக்குப் பெற்றவரையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. நாகரகொளெ தேசியப் பூங்காவும் பிரம்மகிரி, தலைக்காவிரி, புஷ்பகிரிச் சரணாலயங்களும் சூழ்ந்த குடகில் இச்சொற்களின் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஒரு சட்டம் தந்த விலக்கு மற்றொரு சட்டத்திற்குச் செல்லாது.

தற்காப்பைச் சட்டம் மறுக்கவில்லை. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கும்பொருட்டு நல்லெண்ணத்துடன் ஒரு விலங்கைக் கொல்ல நேரின் அது குற்றமாகாது. ஆனால், அவ்வேளையில் அவன் சட்டத்திற்கு மாறான செயலில் ஈடுபட்டிருந்தால் இக்காப்பு அவனுக்குக் கிட்டாது. கொல்லப்பட்ட விலங்கும் அவனுக்கு உரியதன்று, அரசின் உடைமை. விரோத ஹிம்சைக்கும் சங்கற்ப ஹிம்சைக்கும் நம் ஆசாரியர்கள் இட்ட எல்லைக்கோட்டை இப்பிரிவில் ஏறத்தாழ அவ்வாறே காண்கிறோம்.

குடகின் படைக்கல விலக்கு முற்றுப்பெறவில்லை. 2019ஆம் ஆண்டில் நடுவண் அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. சமத்துவத்திற்கு மாறானதென அதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் அவ்விலக்கு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இன்றும் கைல் போள்து அன்று துப்பாக்கி காந்தள் சூடுகிறது. தேங்காயைக் குறியாக வைத்துச் சுடும் போட்டி நடைபெறுகிறது. புலியோ மானோ இன்று குறி அன்று.

நம் வயல்களில்

இவ்வரலாறு நமக்குத் தொலைவிலுள்ளது என எண்ணிவிடலாகாது. குடகின் காப்பித் தோட்டங்களில் யானைகள் புகுந்து பயிரையும் மனித உயிரையும் அழிக்கும் துயரம் தொடர்கிறது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் உழவை நம்பி வாழும் நம் குடும்பங்கட்கு யானை இல்லாவிடினும், காட்டுப்பன்றியும் மயிலும் உண்டு. ஓர் இரவில் வேர்க்கடலைக் கொல்லை பாழாவதைக் கண்ட உழவரின் வேதனை உண்மையானது. அதனை அறவுரையால் மட்டும் ஆற்றிவிட முடியாது.

சட்டத்தின் நிலையை இங்குத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். மயில் முதலாம் பட்டியலில் உள்ளது. பயிரழிவு அதனைக் கொல்லுதற்குக் காரணமாகாது. காட்டுப்பன்றி போன்றவை பயிரை அழிக்குமாயின், அவற்றைப்பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் வனத்துறை அலுவலர்க்கே உண்டு. நில உடைமையாளர்க்கு இல்லை. வனத்துறையிடம் முறையிடுதலும் பயிரிழப்புக்கு இழப்பீடு கோருதலும் உரிய வழிகள். வேலியில் மின்சாரம் பாய்ச்சுதல், வெடிவைத்த பழத்தை வரப்பில் இடுதல், உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கியுடன் பிறரை வரவழைத்தல் ஆகியன சட்டத்தின் கண்ணில் வேட்டையே. மின்வேலி விலங்கையும் மனிதரையும் வேறுபடுத்தி அறியாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

‘நான் கொல்லவில்லை, வேறொருவன் செய்தான்’ என்னும் சொல்லும் பயனற்றது. குற்றத்திற்கு உடந்தையாவோரைக் குற்றம் செய்தவராகவே கருதுகிறது இச்சட்டத்தின் 52ஆம் பிரிவு. நம் நூல்கள் இதனையும் விட்டுவைக்கவில்லை. இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு வகுத்த குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் ஒன்று. அதில் விலக்கப்பட்ட ஐந்தனுள் ஹிம்சாதானமும் அடங்கும். கொலைக்கருவியைப் பிறர்க்கு வழங்குதல் என்பது அதன் பொருள். கருவியைத் தந்தவன் கையும் தூயதன்று என ஆசாரிய சமந்தபத்திரர் காட்டிய நெறி அது.

குடகு மக்கள் தம் முன்னோர் தந்த துப்பாக்கியைப் போற்றிக்கொண்டே வேட்டையை விட நேர்ந்தது சட்டத்தின் ஆணையால். வேட்டையை விட்ட குடியில் பிறந்த நமக்கு, வரப்பில் வைக்கும் கண்ணியையும் கம்பியில் பாயும் மின்சாரத்தையும் விடுவதற்குச் சட்டத்தின் ஆணை வேண்டியிருத்தல் கூடாது. நம் ஊர்ச் சங்கங்கள் இவ்வாண்டு உழவர் கூட்டங்களில் இதனைப் பேசி, இழப்பீட்டு மனுக்களை எழுதித் தருவதற்கு இளைஞர்களை முன்வரச் செய்தால், பயிரும் காக்கப்படும், அணுவிரதமும் காக்கப்படும்.